தலைவரின் முகம்

ஸ்டுடியோக்காரர் கணினியில் திருத்தத் திருத்த, எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த டேப்லெட்டில் பெரிதாகத் தெரிந்த சங்கத் தலைவரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அதன் முன்னால் தலைவரின் மனைவி நீதிபதி போல உட்கார்ந்திருந்தாள்.

“வழுக்கைய மறைச்சிடுங்க. ஊரெல்லாம் ஒட்டப்போற போஸ்டர். நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாது.”

முடி முளைத்தது.

“கன்னத்து மச்சம் எதுக்கு? தொங்குற தாடையும் வேணாம். கலர் கொஞ்சம் ஏத்துங்க.”

ஏற்றினார். “இப்ப பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாதும்மா.”

“இப்பதான் எங்க கௌரவத்துக்கு ஏத்த முகமா இருக்கு,” என்று பூரித்தாள்.

எந்தத் தேர்தலில் நிற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே ஸ்டுடியோக்காரர் கேட்டார்: “மேல என்ன போடணும்?”

“காணவில்லைன்னு பெருசா போடுங்க. நேத்து வாக்கிங் போனவர் இன்னும் வீடு திரும்பல.”

மவுஸ் மேலிருந்த கை அப்படியே நின்றது. “வயசு?”

“அறுபத்திரெண்டு. நீங்க நாப்பத்தஞ்சுன்னே போடுங்க.”