துப்பாக்கிக்குள் எறும்பு

துப்பாக்கியிலிருந்து எறும்புகள் சாரையாக வெளியேறுவதை, புருஷன் செங்கோடனோடு பட்டறைக்கு வந்திருந்த பாவாயிதான் முதலில் பார்த்தாள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் இறுகிக் கிடந்தது. பழுது பார்க்கும் மஸ்தான் பாய் அதை ஆட்டி ஆட்டி உருவினார். ஒட்டியிருந்த பிசுக்கை விரலில் தொட்டு முகர்ந்தார். வெல்லப்பாகு.

சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள் கைக்குழந்தையோடு வரப்போவதாகச் சேதி வந்த அன்றே, செங்கோடன் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். காட்டுப்பன்றிக்கு என்றார். அவர் வெளியே போனதும் பாவாயி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

பாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எறும்புகளைத் துணியால் துடைத்தார்.

"போல்ட் தேஞ்சுபோச்சுங்க. வேற வரணும். ஒரு மாசம் இங்கயே கிடக்கட்டும்."

"அதுவரைக்கும் பன்னி காத்துக்கிட்டு இருக்குமா?" செங்கோடன் போல்ட்டை வாங்கிச் செருகி, உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினார். அது கரகரவென்று போய் மூடிக்கொண்டது.

"பன்னி கூட்டமாத்தானுங்க வரும்," என்றார் பாய். "ஒண்ணு சுட்டதும் சிக்கிக்கும். அடுத்த தோட்டா ஏறாதுங்க."

செங்கோடன் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்.

"எனக்கு ஒண்ணு போதும் பாய்."