நாளைக்கு வர வேண்டாம்

"மேடம், சாட்சிங்களுக்குப் போன் பண்ற இந்த வழக்கத்தை உங்களோட நிறுத்திக்கலாமே? எனக்கு இருக்கிற வேலையில இது வேறயா?"

பொறுப்பேற்க வந்த புது நிர்வாக அதிகாரி இப்படிக் கேட்டதும் பெரிய மேடத்துக்குச் சுருக்கென்றது. அரசு வழக்கறிஞர்கள் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷத்தில் நிர்வாகத் தலைமைக்கு வந்தவர். இன்று ஓய்வு பெறுகிறார். பீரோ சாவி முதற்கொண்டு எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு ஒப்படைத்துவிட்டார். சாட்சிகளின் நம்பர் எழுதிய நோட்டு மட்டும்தான் மிச்சம். அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

"வாய்தா தள்ளிப்போனா சாட்சிக்கு யாரும் சொல்றதில்ல தம்பி. பொழைப்பைக் கெடுத்துக்கிட்டு வந்து, கோர்ட்டு வராண்டாவுல உட்கார்ந்துட்டு, சாயங்காலம் திரும்பிப் போவாங்க. நாலு தடவை அலைஞ்சவங்க அஞ்சாவது தடவை வருவாங்களா? கேஸ் ஊத்திக்கும்."

"அதுக்கு ஒரு மெசேஜ் தட்டினா போதும். நீங்க குசலம் வேற விசாரிக்கிறீங்களாமே!"

மேடம் பதில் சொல்வதற்குள் கதவருகே ஒரு குரல் தயங்கியது. "போன்ல பேசுற அம்மா இங்கதானே இருக்காங்க?"

முகம் புதிது. ஆனால் குரலை அவருக்குத் தெரியாதா!

"ஐயா! நீங்களா? வாங்க, உட்காருங்க. தம்பி, கிடங்குத் திருட்டு கேஸ்ல இவர்தான் முக்கியமான சாட்சி."

பெரியவர் உட்காரவில்லை. "இன்னியோட ரிடையர் ஆகுறேன்னு போன வாரம் சொன்னீங்களே. நேர்ல வந்து ஒரு கும்பிடு போடாம மனசு கேக்கல. ரெண்டு வருஷமா 'நாளைக்கு வர வேண்டாம், பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்'னு சொன்னீங்க பாருங்க, அந்த வார்த்தைதாம்மா என்னை எழுந்து நடமாட வெச்சுது. இல்லேன்னா ஒடிஞ்சு போயிருப்பேன்."

இத்தனை வருஷ வேலையில் நேரில் வந்து நன்றி சொன்ன முதல் ஆள். இது போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று மேடத்துக்குத் தோன்றியது.

புது அதிகாரி கையை நீட்டினார். "நோட்டைக் குடுங்க மேடம். இனிமே நானே பேசுறேன். இவர்கிட்டேயிருந்தே ஆரம்பிக்கலாம். பெரியவரே, அந்தத் திருட்டுல நீங்க என்ன பார்த்தீங்க?"

பெரியவர் கைகூப்பினார்.

"மன்னிக்கணும் தாயே. நான் எந்தத் திருட்டையும் பார்க்கல, நீங்க பேசினதெல்லாம் ராங் நம்பருக்கு. பாவம், நிஜ சாட்சி எத்தனை தடவை அலைஞ்சாரோ! முதல் நாளே சொல்லியிருப்பேன்... அதுக்குள்ள 'சாப்பிட்டீங்களா ஐயா'ன்னு கேட்டுட்டீங்க. என் சம்சாரம் போனதுக்கப்புறம் அப்படி யாரும் என்னைக் கேட்கலம்மா."