ஆஸ்பத்திரியில் சேராதவர்

படுக்கை அலாரம் அலறியது.

நானூற்றுப் பன்னிரண்டாம் அறை. கையில் காகிதத்தோடு நான் அதன் வாசலுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். ஓடினேன்.

எல்ராய் டூசெக் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, கட்டில் கம்பியைப் பிடித்தபடி முகம் வெளுத்து நின்றார். எழுபத்தெட்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம். முந்தைய நாள் காலை, உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல்.

கழிவறைக்குப் போகத்தான் எழுந்தாராம். மணியடித்து நர்ஸைக் கூப்பிட வெட்கம்.

நர்ஸும் நானும் பிடித்துப் படுக்க வைத்தோம். மனைவி ஆர்டிஸும் மறுபக்கம் நின்று தாங்கப் பார்த்தார். அந்த அம்மாளின் தலை கணவரின் மார்புக்குத்தான் எட்டியது.

அலாரம் நின்றதும் நான் வந்த வேலையைச் சொன்னேன். இந்த மருத்துவமனையில் காப்பீட்டு விவரங்களை நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் ஏ பகுதி உள்நோயாளிகளுக்கு. பி பகுதி டாக்டர் கட்டணத்துக்கும் வெளிநோயாளிகளுக்கும். டி பகுதி மாத்திரைகளுக்கு. எல்லாவற்றையும் ஒரே தனியார் திட்டமாகக் கட்டித் தருவது சி. அதில் இவர்கள் சேரவில்லை.

எல்ராய் இங்கே 'கண்காணிப்பில்' இருக்கிறார். அதாவது, உள்ளே சேர்க்கும்படி டாக்டர் இன்னும் எழுதாததால், கணக்குப்படி வெளிநோயாளி. ஆகவே இந்தக் கட்டில், ஊசி, எக்ஸ்ரே எல்லாம் பி பகுதியில் போகும். வழக்கமான பிரஷர் மாத்திரையை டி-யில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"நான் ஆஸ்பத்திரியிலயே இல்லையா? அப்ப இங்க படுத்துக் கெடக்கறது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?" என்றார் எல்ராய்.

நர்ஸ் சிரித்துவிட்டார். ஆர்டிஸ் சிரிக்கவில்லை.

மிச்சத்தையும் சொன்னேன். இங்கிருந்து போன பிறகு அவர் நடந்து பழக ஒரு பயிற்சி இல்லத்தில் சில வாரங்கள் தங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஏ பகுதி ஏற்கும்; ஆனால் உள்நோயாளியாக மூன்று நாள் இருந்தவர்களுக்கு மட்டும். கண்காணிப்பில் எத்தனை நாள் படுத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

சொந்தக் காசில் அங்கே தங்க அவர்களால் முடியாது. டிரக்கை விற்றாலும் ஒரு மாதம் தாங்காது என்று ஆர்டிஸ் நிதானமாகவே சொன்னார். வீட்டுக்குப் போனால் வாசலில் ஏழு படி. இவரைத் தூக்க அந்த அம்மாள் ஒருத்திதான்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. இந்தக் கையெழுத்து சம்மதம் அல்ல, விஷயத்தைத் தெரிவித்தோம் என்பதற்குத்தான் என்று காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். அதுவும் மனப்பாடம்தான்.

ஆர்டிஸ் பேனாவை வாங்கி, மூடி, காகிதத்தின் மேல் வைத்தார். கையெழுத்துப் போட மறுக்கவில்லை. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாராம்.

நாற்பது நிமிடம் கழித்து டாக்டர் வந்தார்.

ஆர்டிஸ் குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. எழுந்து நின்றால் இவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்டார். வலிக்கு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டார். டாக்டர் இரண்டுக்கும் பதில் சொன்னார். கடைசியாக, இன்னும் எத்தனை நள்ளிரவுகள் இவர் இங்கேதான் இருந்தாக வேண்டும் என்று ஆர்டிஸ் கேட்டார். மெடிகேர் ஆஸ்பத்திரி நாட்களை நள்ளிரவை வைத்துத்தான் எண்ணும்.

குறைந்தது மூன்று, என்றார் டாக்டர்.

சிகிச்சை இரண்டு நள்ளிரவுகளைத் தாண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் விதிப்படி அவர் உள்நோயாளிதானே, டாக்டர், அதை இன்றைக்கே காரணத்தோடு எழுதிவிடலாமே என்றார் ஆர்டிஸ். நாளைக் காலையில் எழுதினால் ஒரு நாள் வீணாகிவிடும், எழுதிய பிறகுதான் மூன்று நாள் கணக்கு ஓடத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் எல்ராயின் ரத்த அழுத்தக் குறிப்புகளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சுவரோரக் கணினிக்குப் போய்த் தட்டினார்.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எல்ராய் டூசெக் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

கட்டில் மாறவில்லை. தலையணை மாறவில்லை. என் கையிலிருந்த காகிதம் மட்டும் வீணாகிப் போனது.

எல்ராய் கண்ணை மூடிக்கொண்டு, இனியாவது ஆஸ்பத்திரி ஜெல்லி ருசிக்கிறதா பார்க்கலாம் என்றார். ஆர்டிஸ் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு என்னோடு நடைவழி வரை வந்தார்.

மகளோ மகனோ வக்கீலா என்று கேட்டேன். இல்லை, பிள்ளைகளே இல்லை என்றார். இங்கே எல்லோரும் நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

என் கக்கத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று நானூற்றுப் பதினைந்துக்கு, ஒன்று நானூற்று இருபதுக்கு. ஆர்டிஸ் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஊர் ஆஸ்பத்திரியில ஆறு வருஷம் இதே காகிதத்தைக் கட்டில் கட்டிலா நான்தான் கொண்டுபோனேன், கண்ணு. டாக்டர்கிட்ட இதைக் கேளுங்கன்னு ஒருத்தர்கிட்டகூட நான் சொன்னதில்ல."