பதினோரு பேர் அழுத புத்தகம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் நாளைக் காலை கிளாஸிலிருந்து வெளியே வராமல் போகட்டும். அந்தப் புத்தகம் அதுவரை பதினோரு பேரை அழவைத்திருந்தது. பன்னிரண்டாவது ஆளாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றாள் கீழ்வீட்டுத் தையல்காரி.

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. அதை அங்கே நிறுத்தியவர், பழுப்புக் காகித அட்டை போட்ட புத்தகத்தோடு அவள் பக்கத்திலேயே நின்றார். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான்.

"எனக்குப் படிக்க ஏதுங்க ஐயா நேரம்? நாப்பது யூனிஃபார்ம் தைக்கக் கெடக்கு. முதல்ல இதைக் கெளப்புங்க."

"கடைசி அத்தியாயத்துல கண்ணுல தண்ணி வரலேன்னா என்னைக் கேளுங்க. படிச்சிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்."

இதையேதான், ஓர் எழுத்துப் பிசகாமல், முந்தைய பதினோரு பேரிடமும் சொல்லியிருந்தார், மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கிற மாதிரி. கதை என்ன என்று யாராவது கேட்டால் மட்டும், "சொன்னா ருசி போயிடும்" என்பார்.

தையல்காரி புத்தகத்தை வாங்கிக் கைப்பையில் போட்டாள். லிஃப்ட் உடனே நல்ல பிள்ளையாக நகர்ந்தது.

புத்தகத்தை இரவல் கொடுப்பதில் ஒரு வசதி உண்டு. வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வந்தே தீர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தியவர்கள், தண்ணீர்க் கேன்காரரைத் தவிர்த்தால், அந்தப் பதினோரு பேர்தான்.

வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் ஓடுவார். வீட்டில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததில்லை. இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார், எதிரே ஒரு காலி நாற்காலியோடு.

வந்தவர்கள் யாரும் அந்த நாற்காலி வரை வரவில்லை என்பதுதான் சங்கடம்.

பல் டாக்டர் வாசலிலேயே நின்று, "அழுத அழுகையில ஒருத்தருக்கு நல்ல பல்லைப் புடுங்கிட்டேன் சார்" என்று புத்தகத்தை நீட்டினார். ஜிம் மாஸ்டர், "கதாநாயகி செத்ததை என்னால தாங்கவே முடியல" என்று அகன்ற மார்பைத் தடவிக்கொண்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளரோ, "கல்யாணத்துல கொண்டுபோய் முடிச்சான் பாருங்க, ஆனந்தக் கண்ணீர்!" என்றார். லிஃப்ட்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

"உள்ள வாங்களேன், டீ போட்டுட்டேன். அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பத்தி..."

"அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்!"

மூன்று பேரும் வந்தது வேறு வேறு மாதங்களில். ஆனாலும் மூன்று பேர் வீட்டிலும் சரியாக அந்த நேரத்துக்குப் பால் பொங்கியது. அவர் ஊற்றி வைத்த டீ மூன்று முறையும் ஆறிப் போனது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தையல்காரி வந்தாள். "உக்காரலாமா ஐயா?" என்று அவளாகவே கேட்டு, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிஸ்கட் டப்பாவைத் தேடினார். கண்ணுக்கு நேராக இருந்த டப்பா கிடைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. டீயை ஊற்றி, எதிரே உட்கார்ந்து, ஆசையாகக் கேட்டார்.

"அழுதீங்களா?"

"இல்லைங்க ஐயா."

அவர் முகம் தொங்கிப்போனது.

"அழணும்னா பக்கத்தைத் தெறக்கணுமில்ல? இங்க பாருங்க."

அவள் விரித்துக் காட்டினாள். கடைசி அத்தியாயம் மொத்தமும், பதினாறு பக்கம், மேல்மடிப்பு வெட்டப்படாமல் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தது. அச்சகத்தில் வெட்ட மறந்த தாள். ஒரு மடிப்பில்கூடக் கிழிசலோ கீறலோ இல்லை.

"வெட்டுறதுதான் என் பொழப்பு. இருந்தாலும் கேக்காம அடுத்தவங்க பொருள்ல கத்திரி வைக்க மாட்டேன். அதான் எடுத்திட்டு வந்தேன்."

"அப்ப... அந்தப் பதினோரு பேரும்?"

"நல்லா அளந்துவிட்டுப் போயிருக்காங்க. அதை விடுங்க. நீங்க எப்படி ஐயா படிச்சீங்க?"

அவர் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் எங்கம்மா படிச்சேன்? முதல் பக்கத்தையே தாண்டினதில்ல. திருப்பிக் குடுக்க யாராச்சும் வருவாங்க, ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான்..."

தையல்காரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "சரியான ஆளு ஐயா நீங்க! அப்ப அந்தக் கண்ணுல தண்ணி, படிச்சிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம், எல்லாம் சொந்தச் சரக்கா?"

லிஃப்ட்காரர் வெட்டாத மடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். பிறகு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா என் சம்சாரம் எங்கிட்டச் சொன்னது. புத்தகமே அவளோடதுதாம்மா."