தொண்ணூற்றில் போன லாரி

நீதிமன்ற ஜன்னல் வெயில், மேசைமேல் இருக்கும் வேகக் கேமரா படத்தில் பளிச்சென்று விழுகிறது. மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். வேகமாகப் போன கார்க்காரர்களை அபராதத்தோடு விட்ட நீதிபதி, லாரி ஓட்டுநரின் உரிமத்தையே பறிக்கப் பேனாவைத் திறக்கிறார். படத்தில் தன் நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்த ஓட்டுநர் தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் மனைவி விறுவிறுவென்று வந்து படத்தில் விரலை ஊன்றுகிறாள். "நம்பர விடுங்கய்யா, சக்கரத்தப் பாருங்க. முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்குது. அன்னைக்கு வண்டி ரிப்பேராகிப் படுத்துடுச்சு, ரெக்கவரி வண்டிதான் தூக்கிக் கட்டி இழுத்துட்டுப் போச்சு!" நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். பேனா மூடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. "வழக்கு தள்ளுபடி." ஓட்டுநருக்கு நெஞ்சு நிமிர்கிறது. "பதினெட்டு வருஷமா ஓட்டுறேங்கய்யா. அந்த வண்டிக்கு இவ்வளவு வேகம் வரும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்!"