ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

"பக்கத்தைத் திரையில காட்டற இன்ஜின் எவனோ பண்ணினது. நீங்க மேல பெயின்ட் அடிச்சு, நாலு பட்டன் வெச்சு, உங்க பேரை எழுதியிருக்கீங்க. இதுக்குப் பேரு சொந்த பிரவுசரா?" என்றாள் மனைவி.

அவள் டெஸ்டர். அடுத்தவர் எழுதும் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. அதையே வீட்டில் சம்பளமில்லாமல் செய்துவருகிறாள்.

"அப்பா பேப்பர் படிக்கப் பண்ணினது. பெரிய எழுத்து, பெரிய பட்டன். அவருக்கு அது போதும்," என்றான் புரோகிராமர்.

"எங்க படிக்கறது? பேப்பரைத் திறந்தா எழுத்து எறும்பாயிடுது. ஞாயித்துக்கிழமை தவறாம ஃபோன்ல திட்டு வாங்கறீங்க. ஒரு வரி மாத்தினா சரியாயிடும்னு உங்களுக்கே தெரியும்."

"சரியாயிட்டா அவர் எதுக்குக் கூப்பிடுவார்?"

அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. வழக்கு இல்லாமல் வாய் திறக்காதவர். மகன் கடல் தாண்டிக் குடிபோனபோதுகூட "சரி" என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வழங்கியவர். இந்தக் கோளாறு வந்த பிறகுதான் வாரம் பத்து நிமிடம் பேசுகிறார். திட்டி முடித்து, வைப்பதற்கு முன் "சாப்பிட்டியா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக மகன் வாரம் முழுக்கக் காத்திருப்பான்.

"அவர் கண்ணு என்னத்துக்காகும்?"

மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான். "நீயே சரி பண்ணிடு."

அவள் பேப்பரைத் திறந்தாள். எழுத்து பெரிதாகவே நின்றது. மூடித் திறந்தாள். அப்போதும் அப்படியே.

"சரி பண்ண ஒண்ணுமில்லீங்க. இன்ஜின்காரங்க புதுசா விட்ட பதிப்புல உங்க கோளாறும் சேர்ந்து போயிடுச்சு. மாமா மெஷினுக்கும் அந்தப் புதுப் பதிப்பு தானாவே போய்ச் சேர்ந்திருக்கு. இதோ, காட்டுது."

அவன் முகம் சுண்டிப்போனது. "அப்ப இன்னிக்கு ஃபோன் வராது."

வந்தது.

"என்ன பிரவுசர் பண்ணியிருக்கே? எழுத்து மறுபடியும் எறும்பு மாதிரி ஆயிடுச்சு. இது அலட்சியம். அப்பட்டமான அலட்சியம்," என்றார் நீதிபதி.

மனைவி திரையில் அந்தப் பதிப்பு அங்கே போய்ச் சேர்ந்த தேதியைத் தேடிப் பார்த்தாள். பிறகு, ஃபோனில் விழாதபடி அவன் காதருகே சொன்னாள்: "அங்க சரியாகி மூணு மாசம் ஆச்சுங்க."

அவன் ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆமாப்பா, பெரிய கோளாறுதான். இப்போதைக்குச் சரியாகாது."