கீழிருந்து அளந்த முகம்

அமலநாதனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலைக் கேட்டுக் கேட்டே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அந்த வாரம் படம் வரைவதற்கென்று யாரோ ஆயத்தமாக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று அவன் கைக்கு வந்தது. புள்ளி எங்கே, வளைவு எதுவரை என்று இரண்டொரு சொல்லில் சொன்னால் போதும், மற்ற பாடெல்லாம் அது பட்டுக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி ரெஜினாவை எதிரே உட்காரவைத்து, மோவாயில் தொடங்கி நெற்றிவரை விரலால் அளந்து அளந்து எண்களைத் தட்டினான். மதியச் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் எழுதி, ஓடவிட்டான்.

"பாத்துச் சொல்லு. பொய் சொல்லக் கூடாது."

ரெஜினா பார்த்தாள். பிறகு அவன் கைக்கடியிலிருந்த லேப்டாப்பைத் தூக்கி மெல்லத் திருப்பினாள்.

"எதுக்கு அதைத் திருப்புற?"

"நான் தலைகீழா நிக்கிறேன்."

அவனுக்கு உடனே பிடிபட்டது. திரையில் கணக்கு மேலிருந்து கீழே இறங்கும். அவனோ மோவாயிலிருந்து மேலே ஏறியிருந்தான்.

"அட! ஒரே வரிதான். குடு, இப்பவே மாத்திடுறேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

ரெஜினா கொடுக்கவில்லை. சின்ன வயதில் விழுந்து இடது புருவத்தில் வாங்கிய தழும்பு அவளுக்கு உண்டு. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மறைத்துத் திரும்பிக்கொள்வாள். படத்தில் அந்தத் தழும்புக்கென்று தனியாக ஒரு சின்ன வளைவு போட்டிருந்தான் அவன்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."